அவள் பெயர், என் முகம்

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒரு பையனின் படம் வந்ததே, பார்த்திருப்பீர்கள். நம்மோடு படித்தவனின் பேரன். ஏழு வயது. சிறுநீரகத்தில் கோளாறு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், முடிந்ததைச் செய்யுங்கள் என்று எழுதியிருந்தது. பையன் நாற்காலியில் உட்கார்ந்து பல் தெரியச் சிரிக்கிறான். கீழே நம்மில் ஒருவர் எழுதியிருந்தார்: 'பையன் கொழுகொழுன்னு இருக்கான். இதைப் பார்த்தா யாருக்கும் பாவம்னு தோணாது. அழற மாதிரி வேற போட்டோ இருந்தா போடுங்க.' அதற்கு ஒரு கூட்டமே கட்டைவிரல் தூக்கியிருந்தது.

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, காலையில் குடித்த காப்பி தொண்டை வரை வந்துவிட்டது. ஏதாவது பதில் எழுதலாம் என்று எழுதி எழுதி அழித்தேன். நறுக்கென்று சொல்ல எனக்கு வராது. அதனால் இங்கே நீட்டிச் சொல்கிறேன். நமக்கெல்லாம் அறுபதை எட்டிப் பிடிக்கிற வயது. இனிமேல் யாருக்குப் பயந்து வாயை மூட வேண்டும்?

நாம் ஆறாம் வகுப்புப் படித்த வருடம். ஜன்னலோரப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளை நினைவிருக்கிறதா? அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை அச்சில் வந்து அவள் பட்டது போதும். பெஞ்சுக்காரி என்றே சொல்கிறேன். அவளுடைய அப்பாவுக்கு வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாலு விசைத்தறி. கூலிக்கு நெய்து கொடுப்பார். பெரிய பணக்காரர் இல்லை, ஆனால் சோமனூர்ச் சந்தையில் நாலு பேர் நின்று வணக்கம் வைக்கிற குடும்பம். என் அப்பா நான் நடக்கப் பழகுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். என் அம்மா அவர்கள் கொட்டகையில்தான் தார் சுற்றினாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் குழலுக்குத் தார் என்று பெயர் என்பதை நம் பிள்ளைகளுக்குக் கூட இப்போது சொல்லித்தான் தர வேண்டியிருக்கிறது.

தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவர்கள் நாம். கரண்டு போய்ச் சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். அந்த ஆடி மாதம் பாலக்காட்டுக் காற்று கூரை ஓடுகளைப் பிய்த்துக்கொண்டு அடித்தபோது, பெஞ்சுக்காரிக்கு முகம் உப்ப ஆரம்பித்தது. காலையில் கண் திறக்க முடியாத அளவுக்கு உப்பியிருக்கும், மத்தியானத்தில் கொஞ்சம் வடியும். அவளுடைய அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "இப்பத்தானுங்க புள்ளைக்குக் கொஞ்சம் சதை புடிச்சிருக்குது" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தெருப் பெண்கள் அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்தார்கள். கண் பட்டுவிடும் என்று வெள்ளிக்கிழமைதோறும் மிளகாய் சுற்றிப் போட்டார்கள். சீக்கைக் கொஞ்சி, திருஷ்டி கழித்து வளர்த்த ஊர் அது.

அவள் காலில் வெள்ளிக் கொலுசு. அது கணுக்காலில் பதிந்து, கழற்றினால் சிவப்பாக ஒரு வளையம் தெரியும். கட்டை விரலால் அவள் முழங்காலுக்குக் கீழே அழுத்தினால் குழி விழும். விரலை எடுத்தாலும் குழி அப்படியே இருக்கும். நாங்கள் அதில் புளியங்கொட்டையை நிறுத்தி வைத்து, குழி நிறைந்து அது உருண்டு விழும் வரை எண்ணுவோம். யார் அழுத்திய குழி அதிக நேரம் நிற்கிறது என்று பந்தயம். நீங்களும் விளையாடியிருக்கிறீர்கள், இப்போது மறந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். அவளும் சேர்ந்துதான் எண்ணினாள்.

ஒண்ணுக்குப் போனால் நுரை நிற்கிறது என்று அவள் என்னிடம் சொன்னது ஆடி கடைசியில். நான் என் அம்மாவிடம் சொல்ல, அம்மா அவள் அம்மாவிடம் சொல்ல, கோயமுத்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். கிட்னி கெட்டுக்கொண்டு வருகிறது, உப்பை அடியோடு நிறுத்துங்கள், இங்கே வைத்துப் பார்க்க முடியாது, வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைக்க வைக்கலாம், ஆனால் தள்ளிப் போடாதீர்கள் என்றாராம். நாலு தறியில் இரண்டை விற்றார்கள். அது மருந்துக்கும் மாத்திரைக்குமே சரியாகப் போயிற்று.

அப்போதுதான் நம் ஊர் இளைஞர் நற்பணி மன்றம் உள்ளே வந்தது. அதன் தலைவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். இளைஞர் மன்றத்துக்கு நாற்பத்தைந்து வயதுத் தலைவர். வெள்ளை வேட்டி, வாய் நிறைய வெற்றிலை, எந்தச் சாவு வீட்டிலும் மைக்செட் சொல்வதற்கு முதலில் ஓடுகிறவர். ஊர் ஊராக நோட்டீஸ் அடித்து ஒட்டி, வேனில் மைக் கட்டிச் சுற்றினால் ஒரே மாதத்தில் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்றார். அது நல்ல யோசனைதான். நான் மறுக்கவில்லை. மனிதர்கள் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார்கள்.

நோட்டீஸுக்குப் படம் வேண்டுமே. பெஞ்சுக்காரிக்குப் பட்டுப் பாவாடை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, பவுடர் அடித்து ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனார்கள். அவள் பிறந்ததிலிருந்து எடுத்த முதல் படம் அது. இரண்டு நாள் கழித்து ஸ்டுடியோக்காரர் படத்தைக் கொண்டுவந்தபோது நான் தார்க் கூடையோடு கொட்டகையில் நின்றிருந்தேன். உப்பிய முகம், இடுங்கிய கண், நடுப்பல் இரண்டும் தெரிய ஒரு சிரிப்பு. அவ்வளவு அழகாக இருந்தாள்.

தலைவர் படத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "ஏனுங்க, இதென்ன பொண்ணு பாக்கறதுக்கு எடுத்த படமாட்ட இருக்குது? இதப் பாத்துபோட்டு எவனுங்க பாக்கெட்டுல கை உடுவான்?"

பெஞ்சுக்காரியின் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கும் மனசுக்கு ஒப்பலீங்க. பொட்டப்புள்ள படத்த ஊரூரா ஒட்டிப்போட்டா, நாளைக்கு எந்திரிச்சு நடந்தாலும் சீக்குப் புள்ளைன்னு சொல்லிப்போடுவாங்க. கல்யாணம் காச்சின்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா."

அங்கே இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். பிள்ளை பிழைக்குமா என்பதே தெரியாது. அவளுக்கு வரப்போகிற மாப்பிள்ளை என்ன நினைப்பான் என்று பெரிய மனிதர்கள் உட்கார்ந்து கவலைப்பட்டார்கள். நம் ஜனம் எப்போதும் அப்படித்தான், வீடு பற்றி எரியும்போதும் வாசலில் கோலம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். தலைவர் அந்தப் படத்தில் சுண்ணாம்பு விரலைத் துடைத்துவிட்டு நாலாகக் கிழித்துப் போட்டார். பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் அப்போது எலும்பும் தோலுமாக இருப்பேன். எண்ணெய் காணாத தலை, ஒட்டிய கன்னம், கண் மட்டும் பெரிதாக. எனக்கு எந்த நோயும் இல்லை. எங்கள் வீட்டில் ராத்திரிச் சோறு எல்லா நாளும் கிடையாது, அவ்வளவுதான்.

"இந்தப் புள்ளையப் பாருங்க" என்றார் தலைவர். "கேக்காமயே காசு விழுகும்."

அம்மா தார் ராட்டையை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். என் அம்மா யாரையும் எதிர்த்துப் பேசிய ஆள் இல்லை. அன்றைக்கு மட்டும் கேட்டாள். "ஏனுங்க, எம்புள்ளையும் பொட்டப்புள்ளதானுங்களே?"

தலைவர் சிரித்தார். "உம்புள்ளைக்கு என்ன அம்மணி? அதுக்குப் பொண்ணு பாக்க வரிசை கட்டியா நிக்கப் போறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். பெஞ்சுக்காரியின் அப்பா சிரிக்கவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மா முந்தானையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டாள். பிறகு, "ஒரு உசுரு பொழைச்சாச் சரிங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி ராட்டைக்குப் போனாள். அந்தக் கொட்டகைக் கூலியில்தான் நாங்கள் கஞ்சி குடித்தோம். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

ஸ்டுடியோவில் அருவி வரைந்த திரையை அவிழ்த்துவிட்டு வெள்ளை வேட்டியைக் கட்டினார்கள். என் மேல் ஒரு பழைய பவானி ஜமக்காளத்தைப் போர்த்தினார்கள். அதில் யாரோ வாந்தி எடுத்துக் காயவைத்த நாற்றம். அழுகிற மாதிரி பார் என்றார்கள், எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்று தடவை சிரித்தேன். நாலாவது தடவை தலைவர் கேமரா பக்கம் நின்றுகொண்டு, "நாளையிலிருந்து உங்கம்மாவுக்கு வேலை இல்லைன்னு சொல்லிப்போட்டாங்க கண்ணு" என்றார். பளிச்சென்று விளக்கு அடித்தது. அந்த முகம்தான் நோட்டீஸில் வந்தது. கீழே கொட்டை எழுத்தில் அவள் பெயர்.

நோட்டீஸ் வந்த மறுநாள் பிரேயரில் பெரிய வாத்தியார் என்ன சொன்னார் என்று உங்களுக்கு நினைவிருக்கும். வெளியூர்க்காரர்கள் யாராவது நோட்டீஸைக் காட்டிக் கேட்டால் ஒன்றும் தெரியாது என்று சொல்ல வேண்டும், ஊர் மானம் உங்கள் கையில் இருக்கிறது என்றார். நாம் எல்லோரும் ஒரே குரலில் 'சரிங்க சார்' என்றோம். அவரே நமக்கு நீதிபோதனையும் நடத்தினார்.

நோட்டீஸ் ஒட்ட மைதாப் பசையில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினார்கள், மாடு தின்னாமல் இருக்க. அப்படியும் கருமத்தம்பட்டியில் ஒரு மாடு என் முகத்தை நக்கி நக்கித் தின்றதை வேனிலிருந்து பார்த்தேன். வேனுக்குள் டீசல் புகை, மேலே மைக்கில் தலைவரின் குரல். உயிருக்குப் போராடும் ஏழைச் சிறுமி, உங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்து உதவுங்கள் என்று கத்திக்கொண்டே வருவார். நான் உச்சி வெயிலில் ஜமக்காளத்துக்குள் வெந்துகொண்டிருப்பேன். சூலூர், பல்லடம், எங்கே நிறுத்தினாலும் பெண்கள் வந்து என் தலையைத் தடவி அழுவார்கள். ஒரு கிழவி தன் சுருக்குப் பையை அப்படியே கவிழ்த்தாள். பல்லடம் சந்தையில் மிளகாய் விற்றவள் எரிகிற கையை முந்தானையில் துடைத்துவிட்டு என் நெற்றியில் திருநீறு வைத்தாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. அத்தனை பேர் என்னைத் தொட்டதில்லை அதுவரை. சுற்று முடிந்ததும் ஹோட்டல் பின்கட்டில், சீக்குப் பிள்ளை தின்பதை யாரும் பார்த்துவிடாதபடி கதவைச் சாத்திக்கொண்டு, பரோட்டாவும் சால்னாவும் வாங்கித் தருவார்கள். நான் வழித்து வழித்துத் தின்றேன். மூன்றாவது வாரம் தலைவர் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "அம்மணி, கன்னம் வைக்குது பாரு. சித்த வாயக் கட்டு" என்றார். அன்றிலிருந்து பரோட்டா ஒன்றாகக் குறைந்தது.

பெஞ்சுக்காரி வீட்டுக்கு நான் போகக் கூடாது என்று உத்தரவு. ஒரு சாயங்காலம் திருட்டுத்தனமாகப் போனேன். உப்பில்லாத கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிறு கூட உப்பியிருந்தது. கொலுசைக் கழற்றியிருந்தார்கள்.

"நோட்டீசு வெச்சிருக்கியா? எனக்கு யாருமே காட்டல" என்றாள்.

பாவாடையில் செருகி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தாள். "எம்பேரு உனக்கு நல்லாத்தான் இருக்குது" என்று சிரித்தாள். பிறகு என் கையை இழுத்து விரல்களை மோந்தாள். சால்னா வாசனை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மறுபடி மோந்தாள். "நாளைக்கும் கை கழுவாம வா" என்றாள். நான் அதற்குப் பிறகு போகவில்லை.

நோட்டீஸ் எப்படியோ கோயமுத்தூரில் ஒரு மில் முதலாளி வீட்டம்மாவின் கையில் கிடைத்தது. அந்தம்மா தெலுங்குப் பேச்சுக் கலந்த தமிழ் பேசுவார். நல்ல மனுஷி. இதை நான் நன்றாக யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். முழுச் செலவும் நான் ஏற்றுக்கொள்கிறேன், பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எங்களுக்குச் சொந்தம், குழந்தையைக் கொண்டு வந்து காட்டுங்கள் என்று மானேஜரை அனுப்பினார். இதற்குத்தானே எல்லோரும் ஏங்கினோம்? வேன் சுற்றியதெல்லாம் இந்த ஒரு கதவு திறக்கத்தான்.

அன்று கொட்டகையில் மறுபடி கூட்டம். பெஞ்சுக்காரியின் அம்மா முதல் தடவையாகக் குறுக்கே பேசினாள். "வைத்தியம் எம்புள்ளைக்குங்க. எம்புள்ளையத்தான் கூட்டிப் போகோணும்."

"நோட்டீசுல இருக்கிற மூஞ்சியக் காட்டாம வேற மூஞ்சியக் காட்டுனா அந்தம்மா என்ன நெனைக்கும்?" என்றார் தலைவர். "முதல்ல இந்தப் புள்ளையக் காட்டிக் காரியத்த முடிச்சுக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப உங்க புள்ளையக் கூட்டிப் போனாப் போச்சு. பெரிய ஊட்டுக்காரங்க அங்கெல்லாம் வந்தா நிப்பாங்க?"

பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள். அன்றைக்கு அதற்கு வாடகைக் காரே கிடைத்தது. தலைவரும் நானும் கோயமுத்தூர் போனோம். பங்களாவில் அந்தம்மா என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார். என்னை மடியோடு அணைத்து ஆரஞ்சுச் சாறு குடிக்க வைத்தார். பிறகு, தலைவர் எதிர்பார்க்காத ஒன்றை அந்தம்மா செய்தார். காரை எடுக்கச் சொன்னார். "இந்த நிலைமையில இருக்கற குழந்தைய எப்படித் திருப்பி அனுப்பறது? இப்பவே எங்க டாக்டர் பார்க்கட்டும்."

"நல்ல நாள் பாத்துக் கூட்டிட்டு வாரனுங்க" என்று தலைவர் குழைந்தார்.

"உசுருக்கு நாள் பார்ப்பாங்களா?" என்று அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

குடும்ப டாக்டர் என் கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், காலை அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை. சிறுநீரைச் சோதித்தார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து சொன்னார். "இந்தப் பொண்ணுக்கு ஒரு நோயும் இல்லைங்க. பூச்சி மருந்து குடுங்க. ரெண்டு வேளை வயிறாரச் சோறு போடுங்க."

அந்தம்மா முகம் கல்லாகிவிட்டது. குனிந்து என்னிடம் பெயர் கேட்டார். சொல்லிக் கொடுத்தபடி பெஞ்சுக்காரியின் பெயரைச் சொன்னேன். அப்பா என்ன செய்கிறார் என்றார். இறந்துவிட்டார் என்று என் வாயில் தானாக வந்துவிட்டது. நோட்டீஸில் அப்பா கூலிக்கு நெய்கிறார் என்று போட்டிருந்தது.

இன்னொரு பிள்ளை இருக்கிறாள், அவள்தான் நிஜம், அவளைப் பாருங்கள் என்று நான் அப்போது சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை போதும். தலைவரின் கை என் பிடரியில் இருந்தது, வெற்றிலை வாடை என் காதருகே வந்துகொண்டிருந்தது. ஆனால் வாய் என்னுடையதுதானே. நான் பேசவில்லை. அவரை நினைத்தால் எப்படிக் குமட்டுகிறதோ, அந்த நிமிஷத்து என்னை நினைத்தாலும் அப்படியே குமட்டுகிறது.

விஷயம் தெரிந்ததும் பெஞ்சுக்காரியின் அம்மா யாரையும் கேட்கவில்லை. மறுநாள் காலை மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். என் அம்மாவும் என்னைக் கூட்டிக்கொண்டு கூடவே வந்தாள். நடந்ததை இந்தப் பிள்ளையே சொல்லட்டும் என்றாள். பங்களா கேட்டுக்கு வெளியே வெகுநேரம் நின்றோம். கடைசியில் அந்தம்மா வராந்தா வரை வந்தார். என்னைப் பார்த்தார். பிறகு பூசிய மாதிரி உப்பிய முகத்தோடு நின்ற பெஞ்சுக்காரியைப் பார்த்தார்.

"நேத்து ஒரு குழந்தை, இன்னைக்கு ஒரு குழந்தையா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "இதுக்குப் பார்த்தாலே தெரியுது, நல்லாச் சாப்பிடற குழந்தை. இப்படிப் பொழைக்காதீங்கம்மா."

பெஞ்சுக்காரியின் அம்மா கேட் கம்பிக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். மகளின் பாவாடையை முழங்கால் வரை தூக்கினாள். கட்டை விரலால் அழுத்தினாள். "குழி பாருங்க தாயி, குழியப் பாருங்க" என்றாள். மறுபடி அழுத்தினாள், மறுபடி. கால் முழுக்கக் குழி குழியாக விழுந்தது. அந்தம்மா அதற்குள் திரும்பி உள்ளே போய்விட்டார். அந்தக் குழிகளைப் பார்த்தது நானும் என் அம்மாவும் வாட்ச்மேனும்தான். வாட்ச்மேன் மரியாதையாகத்தான் சொன்னார். "போயிருங்க அம்மா, என் பொழைப்பக் கெடுத்துராதீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். "அந்த ஊட்டு நாய் எத்தாச்சோடு பெருசு பாத்தியா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மா எதுக்கு என்னையக் கோவிச்சுக்கிட்டாங்க?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

செய்தி பரவிவிட்டது. சோமனூர்க்காரர்கள் பிள்ளையை வேஷம் கட்டிப் பணம் பறிக்கிறார்கள் என்று சந்தையில் பேச்சு. சேர்ந்த பணத்தோடு அன்றைக்கே அவளை வண்டி ஏற்றியிருக்கலாம், ஏறக்குறைய அதற்குப் போதுகிற அளவு இருந்தது. ஆனால் நம் பெரிய மனிதர்களுக்குப் பிள்ளையை விடப் பழி பெரிதாகத் தெரிந்தது. அந்தப் பணத்தைத் தொட்டால் சொன்னது நிஜம் என்று ஆகிவிடுமாம். கூடிப் பேசினார்கள், பேசினார்கள், ஒரு மாதம் பேசினார்கள். கடைசியில் கோயிலுக்குக் கொடுத்துவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று மாரியம்மனுக்கு வெண்கல மணி வாங்கினார்கள். அந்த மணி ஊர் வந்து சேர்ந்தபோது, பெஞ்சுக்காரி கோயமுத்தூர் தர்மாஸ்பத்திரியில் தரையில் படுத்திருந்தாள். ஐப்பசி மழையில் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போதும் ஊருக்குப் போனால் அந்த மணி அடிக்கும்போது நான் சன்னதியில் நிற்க மாட்டேன், வெளியே வந்துவிடுவேன். பக்தி இல்லாதவள் என்று சொல்கிறீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள்.

பத்து வருடம் கழித்து என்னையும் பெண் பார்க்கப் பல்லடத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரை வந்தார்கள், தலைவர் சொன்னதையும் மீறி. மாப்பிள்ளையின் பாட்டி என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளைக்குத்தான நான் அன்னிக்குக் காசு போட்டேன்? சீக்குப் புள்ளையாச்சே" என்றாள். காப்பி ஆறுவதற்குள் எழுந்து போய்விட்டார்கள். அவளுக்கு எந்தப் பேச்சு வரக் கூடாது என்று என் முகத்தை ஒட்டினார்களோ, அந்தப் பேச்சு எனக்கு வந்தது. பிறகு வேறு இடத்தில் அமைந்தது, குறை ஒன்றுமில்லை. அன்று கொட்டகையில் சிரித்த சிரிப்பு மட்டும் அந்தச் சாயங்காலம் முழுக்கக் காதில் கேட்டது.

நேற்று அந்தப் பையனின் படத்தை மறுபடி எடுத்து, இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினேன். நாற்காலியிலிருந்து கால் தொங்குகிறது. கணுக்காலில் காலுறை இருந்த இடத்தில் ஆழமாக ஒரு வளையம். எனக்கு வேறு அத்தாட்சி வேண்டாம். என்னால் முடிந்ததை அனுப்பிவிட்டேன். அவன் சிரிக்கட்டும், நீங்கள் சீக்கிரம் அனுப்புங்கள்.

அழுகிற படம் கேட்டவருக்கு இது மட்டும். பெஞ்சுக்காரி இறந்த பதினாறாம் நாள் மாலை போட அந்த வீட்டில் ஒரு படம் இல்லை. அவள் அம்மா ஸ்டுடியோவுக்கு நடந்தாள். வேண்டாம் என்றதால் பிலிமை எறிந்துவிட்டோம் என்றார்கள். அங்கிருந்து நேராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள். கையில் அந்த நோட்டீஸ். என்னைத் திட்டுவாள் என்று அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். அவள் திட்டவில்லை.

"இதுலதான் கண்ணு அவ பேரு இருக்குது" என்றாள். "வேற ஒண்ணும் எங்ககிட்ட இல்லை."

நோட்டீஸை எங்கள் வாசற்படியில் வைத்து, நடுவில் மடித்து, நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். இன்னும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. மாலைக்கு நடுவில் அவள் பெயர் மட்டும் தெரியும். மடித்த தாளின் பின்பக்கம், சுவரைப் பார்த்தபடி என் முகம் இருக்கிறது.